ஏட்டுச் சுரைக்காய்: பேராசிரியர் ஜோன் யுட்கினின் ஆய்வு வாழ்வு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேற்கு ஆபிரிக்காவிலே பிரித்தானியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகள் நான்கு: கம்பியா, சியரா லியோன், பொற்கரை, நைஜீரியா என்பன. இவற்றுட் பொற்கரையே இன்று கானா என வழங்கும் நாடு. இந்நான்கு நாடுகளிலும் திரட்டப்பட்ட ஆபிரிக்கப் போர்வீரர் யாவருக்கும் படைத்துறையினர் ஒரே வகையான உணவுப் பங்கீட்டை வகுத்திருந்தனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு, எந்தெந்த விற்றமின் எவ்வளவு என்றெல்லாம் கணித்து வகுத்த பங்கீடு அது. எனினும் சியரா லியோனில் இருந்த வீரர்களிடையே ஒருவகைத் தோல்நோய் பரவலாகக் காணப்பட்டது. அது தொற்றுநோய் என்றே கருதப்பட்டு வந்தது. அங்கு இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய இளைஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து, அது தொற்றினால் வருவதன்று, இரைபோபிளேவின் என்னும் விற்றமின் குறைவினால் வருவது என்று கண்டார்.

பங்கீட்டுப் பட்டியலிலோ இரைபோபிளேவினுக்குக் குறைவில்லை. அதனை வழங்கவேண்டிய பொருள் பெரும்பாலும் சிறுதானியமாக இருந்தது. ஏனைய நாடுகளில் மக்கள் விரும்பி உண்ணும் அத்தானியத்தைச் சியரா லியோன் மக்கள் பசித்தாலும் தொடமாட்டார்கள் என்பதைப் பட்டியலை எழுதியவர்கள் அறிந்திருக்கவில்லை. தானியம் களஞ்சியத்திலிருந்து வந்தது, சமைக்கப்பட்டது, கொட்டப்பட்டது. கணக்கு மட்டும் நிறைவாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் நம்மவர் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உரை வேறொன்று காண்பது அரிது.

அவ்விளம் மருத்துவரின் பெயர் ஜோன் யுட்கின். பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் போசணையியற் பேராசிரியராகவும், சீனிக்கு எதிராகக் குரலெழுப்பியவராகவும் உலகறியப்பட்டவர். இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கதையையே சொல்கின்றனர்: சீனியின் தீமையை முன்கூட்டியே உணர்ந்தார், சீனித்தொழில் முதலாளிகளும் எதிரணி விஞ்ஞானிகளும் சேர்ந்து அவரை ஒதுக்கினர், இறந்தபின் உலகம் அவரை ஏற்றுக்கொண்டது என்பது அக்கதை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவருடைய வாழ்வு முழுவதையும் தொடர்ந்து நோக்கின், அவரையும் அவருடைய எதிரிகளையும் ஒருங்கே இடறச் செய்த இடையூறு சியரா லியோனில் அவர் கண்ட அதே இடையூறுதான் என்பது தெரியவரும். மனிதர் எதை உண்கின்றனர் என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவே அது.

யுட்கின் 1910ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தார். பெற்றோர் இரசியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். தந்தை இறந்தபோது யுட்கினுக்கு வயது ஏழு. ஐந்து ஆண்பிள்ளைகளை வறுமையோடு போராடி வளர்க்கும் பொறுப்புத் தாயின் தலைமேல் வீழ்ந்தது. புலமைப்பரிசில்களின் துணையோடு கற்று, இலண்டன் செல்சி பல்தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்றபின் கேம்பிரிஜ் சென்று, 1931இல் உயிரிரசாயனவியலிற் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் கேம்பிரிஜ் உயிரிரசாயனவியற்றுறை சேர் பிரெடெரிக் கௌலன்ட் ஹொப்கின்ஸ் தலைமையில் உலகப் புகழ் பெற்றிருந்தது. விற்றமின்கள் பற்றிய ஆய்வுக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அத்துறையில் மார்ஜரி ஸ்டீபன்சன் என்னும் பெண்மணியின் ஆய்வுகூடத்தில் யுட்கின் சேர்ந்தார். றோயல் சங்கம் 1945ஆம் ஆண்டு முதன்முறையாகப் பெண்களைத் தன் அங்கத்தவராகத் தெரிவுசெய்தபோது தெரிவான இருவருள் இவர் ஒருவர். அங்கே யுட்கின் ஆராய்ந்தது மனிதரின் உணவையன்று, பற்றீரியாக்களின் உணவை. சில நொதியங்கள் பற்றீரியாவில் எப்போதும் உள்ளன; வேறு சில, குறித்த ஓர் உணவுப்பொருள் சூழலிற் கிடைத்தால் மட்டுமே தோன்றுகின்றன. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு யுட்கின் 1938இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் பிரான்சிய விஞ்ஞானி சாக் மொனோ தம் ஆய்வுகளைத் தொடங்கியபோது அவருக்குப் பற்றுக்கோடாக அமைந்த கருத்துகளுள் அதுவும் ஒன்று. 1965இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய விரிவுரையில் மொனோ யுட்கினின் பெயரைக் குறிப்பிட்டார். பிழையான கருதுகோள் ஒன்றும் அறிவுக்குப் பயன்படலாம் என்பதற்கு இஃதொரு சான்று. யுட்கினின் வாழ்வில் இது மீண்டும் எழவிருந்த விடயமாகையால் இங்கு சற்று விரித்துரைக்க நேர்ந்தது.

பின்னர் மருத்துவமும் பயின்று, கேம்பிரிஜிலிருந்த டன் போசணை ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கு பாடசாலைப் பிள்ளைகளுக்கு விற்றமின்களை மேலதிகமாகக் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. ஆயின், அவ்வாய்வின்போது அவர் கண்ணிற் பட்டது வேறொன்று. நகரின் வறிய பகுதிப் பிள்ளைகள் வசதியான பகுதிப் பிள்ளைகளைவிட உயரத்தில் குறைந்திருந்தனர். கைப்பிடியின் வலிமை குறைந்திருந்தது. குருதியில் ஈமோகுளோபினும் குறைந்திருந்தது. விற்றமின் வில்லைகளால் நீக்க முடியாத குறை அது. வறிய வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. ஆயினும் அளந்து காட்டப்பட்ட செய்தி என்ற வகையில் அதற்குத் தனிப் பெறுமதி உண்டு. இதன்பின்னரே இராணுவ சேவையும் சியரா லியோனும் வந்தன.

சியரா லியோன் செய்தியைப் படிக்கும்போது நம் நாட்டு நினைவு ஒன்றும் தவிர்க்க முடியாமல் எழுகின்றது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது. கோதுமை மாவும் வந்தது. சோறும் குரக்கன் பிட்டும் உண்டு வளர்ந்த நமது முன்னோர் கோதுமை மாவை முகஞ்சுளித்துக்கொண்டே வாங்கினர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் நம்மவர் அதைக் கொட்டவில்லை. அவித்துப் பிட்டாக்கினர், பிழிந்து இடியப்பமாக்கினர். ஒரு மக்கட்கூட்டம் புதிய உணவைத் தன் பழைய சமையலுக்குள் இழுத்துக்கொள்கின்றது. மற்றொன்று தொட மறுக்கின்றது. இவ்வேறுபாடு எந்தப் போசணை அட்டவணையிலும் எழுதப்படுவதில்லை.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டு யுட்கின் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரியில் உடற்றொழிலியற் பேராசிரியரானார். அக்கல்லூரியின் பெயர் ‘கிங்ஸ் மனையியல், சமூக விஞ்ஞானக் கல்லூரி’ என்பது. பெண்களுக்கென அமைந்த கல்லூரி. மனையியல் கற்பித்தமையால் ஏனைய கல்லூரியினர் பலர் அதனைப் பெரிதாக மதித்தாரில்லை. வேறொரு மருத்துவராயின் இத்தகைய இடத்தைச் சிறிது காலத் தங்குமடமாகக் கொண்டு நகர்ந்திருப்பார். யுட்கின் அங்கேயே 26 ஆண்டுகள் இருந்தார். சமையல், வீட்டுச் செலவு, மக்களின் வழக்கம் ஆகியவற்றோடு உடற்றொழிலியலும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படும் இடம் அதைத் தவிர வேறெது இருந்தது? சியரா லியோனில் தானியம் கொட்டப்பட்டதன் காரணத்தை அறிய அத்தனை அறிவும் தேவைப்பட்டதன்றோ?

1953இல் அக்கல்லூரி இராணி எலிசபெத் கல்லூரி எனப் பெயர் மாறியது, ஆண்களும் அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டில் போசணையியலில் விஞ்ஞானமாணிப் பட்டநெறி தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் இத்துறைக்கென வகுத்த முதற் பட்டநெறி இதுவே என்பர். மறு ஆண்டில் யுட்கின் போசணையியற் பேராசிரியரானார். உயிரிரசாயனம் மட்டுமன்றிப் பொருளியலும் உளவியலும் உணவின் வரலாறும் மாணவருக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருளியல் வரலாற்றாசிரியர் பார்க்கர், பொருளியலாளர் மக்கென்சி ஆகியோருடன் இணைந்து, பிரித்தானியரின் உணவுப் பழக்கங்கள் இருநூறு ஆண்டுகளில் மாறியவாற்றைக் கூறும் கட்டுரைத் தொகுதி ஒன்றை 1966இல் பதிப்பித்தார். என்னுடைய துணிபு யாதெனில், யுட்கின் எழுதிய எந்த நூலைக்காட்டிலும் இத்துறையே அவர் விட்டுச்சென்ற பெரிய செல்வம். இதனைப் பற்றிப் பேசுவார் குறைவு. கட்டியெழுப்பிய துறையைவிட எழுப்பிய சர்ச்சையே ஒரு பேராசிரியரின் பெயரை நிலைநிறுத்துகின்றது போலும்.

இனிச் சர்ச்சைக்கு வருவோம்.

போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் செல்வ நாடுகளில் மாரடைப்பு ஒரு கொள்ளைநோய் போலப் பெருகியது. நடுத்தர வயதினரான ஆடவர் பலர் திடீரென மாண்டனர். அமெரிக்காவின் மினெசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்செல் கீஸ் 1953இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆறு நாடுகளை எடுத்துக்கொண்டு, உணவிற் கொழுப்பு எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்கு இதயநோய் மரணமும் மிகுகின்றது என்று வரைபடம் ஒன்றால் விளக்கினார். கோடு மிக அழகாக அமைந்தது. நான்கு ஆண்டுகளின் பின் யெருஷல்மி, ஹில்லெபோ என்னும் அமெரிக்கர் இருவர், 22 நாடுகளின் தரவுகள் கிடைக்கக்கூடியனவாக இருந்தனவே, ஆறு மட்டும் ஏன் என்று வினவினர். 22 நாடுகளையும் இட்டபோது அக்கோடு பெரிதும் குலைந்தது.

அதே 1957இல் யுட்கினும் ‘லான்செற்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய ஆட்சேபம் வேறு வகையானது. நாடுகளின் உணவுப் புள்ளிவிபரம் என்பது மக்கள் உண்டதன் கணக்கன்று. உற்பத்தியும் இறக்குமதியும் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, மீதியைத் தலையெண்ணிக்கையாற் பிரித்த கணக்கு. சியரா லியோனின் பங்கீட்டுப் பட்டியல் நாட்டளவிற்கு விரிந்த வடிவம் என்று சொல்லலாம். அதனோடு, இரண்டு பொருள்கள் ஒருங்கே மிகுவதனால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இதனை விளங்கவைக்க அவர் பிரித்தானியத் தரவுகளையே எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளாக மாரடைப்பு மரணத்தின் பெருக்கத்தோடு மிக நெருங்கி இணைந்து சென்றது கொழுப்புமன்று, சீனியுமன்று; வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளின் தொகையே. இதைக் கேட்டு நகைத்தவர்களுள் எத்தனைபேர் அந்நகைப்பில் உள்ள தருக்கத்தை உணர்ந்தனர் என்பது வேறு வினா. செல்வம் பெருகும்போது கொழுப்பும் சீனியும் சிகரெற்றும் மோட்டார் வண்டியும் தொலைக்காட்சியும் கூடவே பெருகுகின்றன. இவற்றுட் குற்றவாளி எது என்று நாட்டுக் கணக்கைக்கொண்டு தீர்மானிக்க இயலாது.

இவ்வளவு தெளிவாக எழுதியவர் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு குற்றவாளியைத் தாமே தெரிந்துகொண்டார் என்பதுதான் வியப்பு. அவர் தெரிந்துகொண்டது சீனி.

அதற்கு அவர் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1958இல் உடல்மெலிவு பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். காபோவைதரேற்றைக் குறைத்தால் எடை குறையும் என்பது அதன் சாரம். கொழுப்பை விரும்பியவாறு உண்ண அனுமதித்துக் காபோவைதரேற்றை மட்டும் கட்டுப்படுத்தினால், மனிதர் தம்மையறியாமலே மொத்த உணவைக் குறைத்துக்கொள்கின்றனர் என்று 1960இல் எடுத்துக்காட்டினார். வெண்ணெய் பூசுவதற்குப் பாண் இல்லையெனின் வெண்ணெயும் குறைந்துவிடுகின்றது. தட்டை நோக்கும் அறிஞருக்கே இவ்வளவு எளிய உண்மை புலப்படும். அதன்பின் வரலாற்றை நோக்கினார். இறைச்சி, மீன், கொட்டை, பழம் முதலியவற்றை மனிதன் எண்ணற்ற தலைமுறைகளாக உண்டு வந்துள்ளான். சீனியோ நேற்று வந்தது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு இறாத்தலாக இருந்த சீனி, 1960களில் நூறு இறாத்தலைக் கடந்திருந்தது. இயற்கையில் இனிமையை நாடிச் சென்ற மனிதன் பழத்தை அடைந்தான். பழத்தோடு விற்றமினும் கிடைத்தது. ஆலைகள் இனிமையை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தபோது நாவின் விருப்பமும் உடலின் தேவையும் வெவ்வேறு திசையிற் சென்றன. யுட்கினின் கருத்துகளுள் ஆழமானது இதுவே என்பேன். அவருடைய இதயநோய்க் கோட்பாடு வீழ்ந்தாலும் இது வீழாது.

1964இல் யுட்கினும் அவருடைய உதவியாளரும் ‘லான்செற்’ சஞ்சிகையில் மீண்டும் எழுதினர். மாரடைப்பு நோயாளரையும் கால் நாடிகள் அடைபட்ட நோயாளரையும் நலமுடையோரையும் வினவியதில், நோயாளர் நோய்க்கு முன்னர் உண்ட சீனி மற்றையோர் உண்டதிலும் ஏறக்குறைய இருமடங்கு என்று தெரிவித்தனர். ஆய்வுகூடத்தில் இளைஞருக்குச் சீனி மிகுந்த உணவைக் கொடுத்தபோது, அவர்களுட் சிலருக்குக் குருதியில் இன்சுலினும் கொழுப்பும் உயர்ந்தன.

நோயாளர் உண்ட சீனியின் அளவை அவர் அறிந்தது எவ்வாறு? அவர்களைக் கேட்டறிந்தார். நாளொன்றுக்கு எத்தனை கோப்பைத் தேநீர், கோப்பைக்கு எத்தனை கரண்டி, கேக் எத்தனை துண்டு என்று வினாக்கொத்து ஒன்றைக்கொண்டு கேட்டறிந்தார். நாட்டுக் கணக்கிலும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதுவும் ஓர் ஏடு. களஞ்சியத்தின் ஏட்டிற்குப் பதிலாக ஞாபகத்தின் ஏடு. தானியம் தட்டிலே எஞ்சியதைக் கண்ணாற் கண்டு நோயின் காரணத்தை அறிந்தவர், இங்கு எந்தத் தட்டையும் காணவில்லை.

எதிர்ப்புகள் வந்தபோது இந்த இடத்திலேயே வந்தன. 1970இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் குழுவொன்று மாரடைப்பு நோயாளரையும் மற்றையோரையும் ஒப்பிட்டு, யுட்கின் கண்டது போன்ற வேறுபாட்டைக் காணவில்லை என்று அறிவித்தது. புகையிலையின் தீமையை நிலைநாட்டியோருள் முதன்மையானவரான றிச்சர்ட் டோல், மேலும் இருவருடன் சேர்ந்து அதே ஆண்டில் மற்றொன்றைச் சுட்டினார்: சிகரெற் புகைப்போர் புகையாதோரைவிடத் தேநீரும் கோப்பியும் மிகுதியாக அருந்துகின்றனர், ஆகவே சீனியும் மிகுதியாக உட்கொள்கின்றனர். அப்படியாயின் மாரடைப்புக்குக் காரணம் கரண்டியா, சிகரெற்றா? தொலைக்காட்சிப் பெட்டியைச் சுட்டி மற்றையோரை எச்சரித்தவருக்கு இக்கேள்வி எழுந்திருக்கவேண்டும். போதிய அளவில் எழவில்லை என்பதே அவருடைய வாழ்வில் நான் காணும் பெருங்குறை.

கீஸ் 1971இல் எழுதிய மறுப்பு கடுமையானது. 1958இல் தொடங்கிய அவருடைய ஏழு நாட்டு ஆய்வு, பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. அவர்களுட் சிறு தொகுதியினரின் வீடுகளில் உணவை நிறுத்தும், பகுப்பாய்வு செய்தும் பார்த்திருந்தனர். இவ்வகையில் கீஸ் யுட்கினைவிடத் தட்டுக்கு அருகிற் சென்றிருந்தார் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அவ்வாய்விலும் சீனிக்கும் இதயநோய்க்கும் தொடர்பு காணப்பட்டது; ஆனால் நிரம்பிய கொழுப்பின் பங்கைக் கணக்கிட்டபின் அத்தொடர்பு மறைந்துவிடுகின்றது என்றார் கீஸ். இலத்தீன் அமெரிக்காவிலே கரும்பு விளையும் நாடுகள் சிலவற்றில் சீனி மிகுதியாகவும் இதயநோய் குறைவாகவும் இருப்பதையும் எடுத்துக்காட்டினார். யுட்கினோ பாலும் இறைச்சியும் உண்டு வாழும் கிழக்கு ஆபிரிக்க மசாய் மக்களிடம் இதயநோய் அரிது என்பதைச் சுட்டினார். இவ்வாறு இருவரும் தத்தமக்கு உகந்த மக்கட்கூட்டங்களைக் களத்தில் இறக்கினர்.

யுட்கின் 1971இல் ஓய்வுபெற்று, மறு ஆண்டில் ‘தூயது, வெண்மையானது, கொடியது’ என்று பொருள்படும் தலைப்பில் தமது நூலை வெளியிட்டார். எளிய நடையும் நகைச்சுவையும் உடைய நூல். இதயநோய், நீரிழிவு, பற்சொத்தை, கொழுத்த உடல் ஆகியவற்றோடு நில்லாமல் தோல்நோய், கண்நோய் என்றெல்லாம் சீனியின் குற்றப்பத்திரிகையை நீட்டிச் சென்றார். சான்று வலிதாக உள்ள இடமும் மெலிந்த இடமும் ஒரே உறுதியோடு பேசப்பட்டமையால், மெலிந்த இடத்தைப் பிடித்து முழுவதையும் தள்ளிவிடுவது எதிரிகளுக்கு எளிதாயிற்று. சீனித்தொழிலின் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் அந்நூலை விஞ்ஞானக் கற்பனைக் கதையென எள்ளி எழுதியது. யுட்கின் சட்டத்தின் துணையை நாடினார். பல ஆண்டுகளின் பின் அந்நிறுவனம் மறுப்பு வெளியிட நேர்ந்தது. ஆயினும் அதற்குள் யுட்கினின் பெயர் மாநாட்டு அழைப்புகளிலிருந்தும் பாடநூல்களிலிருந்தும் மெல்ல மறைந்துவிட்டது. 1995 யூலையில் தமது 84ஆம் வயதில் அவர் மறைந்தபோது அந்நூல் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது.

அவருடைய மறுவாழ்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் றொபேட் லஸ்ரிக் 2009இல் சீனி பற்றி ஆற்றிய விரிவுரை பல இலட்சம் மக்களைச் சென்றடைந்தது. அதில் யுட்கினை அவர் தீர்க்கதரிசி போலப் போற்றினார். நூல் 2012இல் மீண்டும் அச்சேறியது. 2016இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. அமெரிக்கச் சீனித்தொழிலின் ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் ஹாவர்ட் பல்கலைக்கழகப் போசணை அறிஞர் மூவருக்கு 6,500 டொலர் கொடுத்து ஆய்வுமீள்நோக்கு ஒன்றை எழுதுவித்தது. 1967இல் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான அம்மீள்நோக்கு சீனியின்மீதான குற்றச்சாட்டுகளைத் தளர்த்திக் கொழுப்பையே முதன்மைப்படுத்தியது. பணம் வந்த வழி அதிற் குறிப்பிடப்படவில்லை. பழைய கடிதங்களிலிருந்து இது தெரியவந்தது.

இஃது இழிவான செயல் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் யுட்கினின் வீழ்ச்சி முழுவதையும் இதன் தலையிற் சுமத்துவது வரலாறாகாது. உணவுத்தொழிலிடமிருந்து பணம் பெறுவது அக்காலத்தில் வழமையாக இருந்ததையும், கொழுப்புக் கோட்பாட்டை ஏற்றவர்கள் தமக்கெனச் சான்றுகளைக் கொண்டிருந்ததையும் 2018இல் வரலாற்றாய்வாளர் இருவர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எடுத்துரைத்தனர். யுட்கினின் துறைக்கும் உணவு நிறுவனங்களின் உதவி கிடைத்தே வந்தது. அதை அவர் மறைத்தாரில்லை. சீனித்தொழிலின் பணம் இல்லாதிருந்தாலும் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் முடிவும் டோலின் கேள்வியும் இருந்தே இருக்கும்.

இன்றைய நிலை என்ன? உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், உணவின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனியிலிருந்தும் அதையொத்தவற்றிலிருந்தும் வரலாகாது என்றது. ஆனால் அதற்கு அது கொண்ட முதன்மையான ஆதாரங்கள் உடல் எடையும் பற்சொத்தையுமே. யுட்கின் தம் பெயரைப் பணயம்வைத்த மாரடைப்பு அன்று. இனிப்பூட்டிய பானங்களில் உள்ள சீனிக்கு இலங்கை 2017இலும் பிரித்தானியா 2018இலும் வரி விதித்தன. மறுபுறத்தில், நிரம்பிய கொழுப்பை ஈராண்டுக்குக் குறையாமற் குறைத்து உண்போருக்கு இதயநோய், பாரிசவாதம் முதலிய நிகழ்வுகள் குறைகின்றன என்று பரிசோதனைகள் பலவற்றைத் தொகுத்த மீள்நோக்கு ஒன்று 2020இல் கூறியது. ஆகவே கீஸ் தோற்றார், யுட்கின் வென்றார் என்று ஆரவாரிப்பதற்கு இடமில்லை.

மனிதர் எதை உண்கின்றனர் என்னும் பழைய வினா இதற்கிடையில் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. சமதானிகளாற் குறியிட்ட நீரைக் குடிக்கச் செய்து ஒருவர் செலவிடும் சக்தியை அளக்கும் முறை 1980களில் மனிதரிற் கையாளப்பட்டது. அதன்பின்னரே, மக்கள் தாம் உண்டதாகச் சொல்லும் கணக்கு உண்மையைவிட எவ்வளவு குறைந்தது என்பதும், உடல் பருத்தோரிடத்தில் அக்குறை மேலும் பெரிது என்பதும் ஐயமற வெளிப்பட்டன. வேண்டுமென்றே பொய் சொல்பவர் சிலர்தாம். மற்றையோர் மறக்கின்றனர், அல்லது தாம் உண்ண விரும்பியதைச் சொல்கின்றனர். வீட்டில் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்று நம்முள் ஒருவரைக் கேட்டால், வைத்தியர் அறையில் ஒரு விடையும் கலியாண வீட்டில் வேறொரு விடையும் வருவதை நாம் அறிவோம்.

யுட்கின் ஒரு காலத்திற் பணியாற்றிய டன் ஆய்வுகூடத்தின் வழிவந்த போசணை ஆய்வு நிலையத்தில் நெடுங்காலம் உழைத்தவர் ஷீலா பிங்ஹாம் என்னும் அறிஞர். உண்ட சுக்குரோசில் மிகச் சிறு பகுதி மாற்றமுறாமல் குடலிலிருந்து குருதிக்குச் சென்று சிறுநீருடன் வெளியேறுகின்றது. அதனை அளந்தால், ஒருவர் எவ்வளவு சீனி உண்டார் என்பதை அவரைக் கேளாமலே ஓரளவு மதிப்பிடலாம். பிங்ஹாமும் உடனாய்வாளரும் இங்கிலாந்தின் நோபோக் மாவட்ட மக்களிடையே உடல் பருத்தோரையும் பருக்காதோரையும் இவ்வாறு ஒப்பிட்டு 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். வாயால் சொன்ன கணக்கின்படி பருத்தோர் மற்றையோரைவிட மிகுதியாகச் சீனி உண்ணவில்லை. சிறுநீர் சொன்ன கணக்கின்படி அவர்களே மிகுதியாக உண்டிருந்தனர்.